லேபிளும் மருந்தும்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்று சொன்னால் யாருக்கும் வைத்தியர் ஞாபகம் வருவதில்லை. வெடிக்குள் அடைப்பது மருந்து. மத்தாப்புக் கம்பியில் ஏற்றுவது மருந்து. தீக்குச்சியின் தலையில் இருப்பதும் மருந்துதான். மற்ற ஊர்களில் உயிரைக் காக்கும் பொருளுக்கு இருக்கிற பெயர், அங்கே உயிரை வாங்கவும் கூடிய ஒரு பொடிக்கு அமைந்துவிட்டது.

இந்த மருந்தைப் பற்றி அந்தப் பக்கத்துத் தொழிலாளிகளுக்கு ஒரு ஞானம் உண்டு. கலவை சரியா, தவறா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நிறுத்த எடை சரியாக இருக்கும். சலித்த பொடி நைஸாக இருக்கும். திரியும் செருகியபடி இருக்கும். ஆனாலும் கொளுத்திப் பார்த்தால்தான் தெரியும். அதிலே ஒரு சங்கடம். கொளுத்திப் பார்த்த வெடி போய்விட்டது. மிஞ்சியிருக்கிற வெடியோ கொளுத்திப் பார்க்காதது. ஒன்றைக் கொளுத்திப் பார்த்து, அதன் உடன்பிறப்புகள் ஆயிரத்தை நம்புகிறோம். நம் தீபாவளி முழுவதும் இந்த நம்பிக்கையின்மேல்தான் நடக்கிறது.

மேலே ஒட்டுகிற லேபிள் சங்கதி வேறு. அதுவும் அதே ஊரில்தான் அச்சாகிறது. பூவும் பறவையும் தெய்வமுமாகப் பளபளவென்று இருக்கும். உள்ளே இருக்கிற மருந்து நமுத்துப் போயிருந்தாலும் லேபிள் நமுப்பதில்லை.

நான் விஞ்ஞானி அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் பெண்ணின் உடலிலிருந்து எடுத்த முட்டையைக் கண்ணாடித் தட்டில் வைத்து வளர்க்கிறார்கள் என்று படித்த நாளிலிருந்து, இந்த லேபிளும் மருந்தும் என் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. சற்றுப் பொறுமையாகச் சொல்லுகிறேன்.

ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கும்போதே, அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் உண்டாகிவிடுகின்றன. அது பிறக்கும்போது 10, 20 லட்சமே மிஞ்சும். பருவம் எய்தும்போது 3, 4 லட்சம். ஆயுள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருவது ஏறக்குறைய 400 மட்டுமே. அப்படிப் பார்த்தால், நீங்களும் நானும் எந்த முட்டையிலிருந்து வந்தோமோ, அந்த முட்டை நம் பாட்டியின் வயிற்றுக்குள்ளேயே உருவாகிவிட்டது. நம் அம்மா அப்போது இன்னும் பூமியைப் பார்த்திருக்கவில்லை.

முட்டை தனியாக இருப்பதில்லை. அதைச் சுற்றி உயிரணுக்கள் சேர்ந்து ஒரு கூடு கட்டியிருக்கின்றன. டாக்டர்கள் இதைப் பாலிக்கிள் என்பார்கள். நாம் கூடு என்றே சொல்லலாம். ஆரம்பத்தில் இந்தக் கூடு ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பல மாதங்கள் வளர்ந்து, முட்டை வெளிவரும் தறுவாயில் சுமார் 20 மில்லிமீட்டர் ஆகிவிடும். கூட்டின் அணுக்கள் மெல்லிய இழைகளை நீட்டி முட்டைக்கு ஊட்டுகின்றன. முட்டையும் சும்மா இருப்பதில்லை. தன் பங்குக்குச் சேதி அனுப்பிக் கூட்டை வளரச் செய்கிறது. தாயும் சேயும் போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இதில் யார் தாய், யார் சேய் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்தக் கூட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஹார்மோன் சுரக்கிறது. வெளிச்சுற்றில் உள்ள அணுக்கள் ஒரு சரக்கைச் செய்து கொடுக்க, உள்சுற்றில் உள்ளவை அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. பெண்ணின் மாதக் கணக்கை நடத்துவது இந்தச் சுரப்புத்தான்.

இப்படி அந்தரங்கமாக நடக்கிற காரியத்தை வெளியே கொண்டுவந்து கண்ணாடித் தட்டில் நடத்துவானேன்? சிலர் இதை மனிதனின் ஆணவம் என்பார்கள். அவர்கள் ஒரு குழந்தையை மனக்கண்ணில் பார்க்க வேண்டும். ஏழு வயதுச் சிறுமி, ரத்தப் புற்றுநோய். அவள் பிழைக்க வேண்டுமானால் கடுமையான மருந்துகளைக் கொடுத்தாக வேண்டும். அவை நோயை அழிக்கிற வேகத்தில் சினைப்பையில் உள்ள கூடுகளையும் அழித்துவிடக் கூடும். வயது வந்த பெண்ணாக இருந்தால், சிகிச்சைக்கு முன் முதிர்ந்த முட்டைகளை எடுத்து உறையவைக்கலாம். பருவம் எய்தாத சிறுமியிடம் முதிர்ந்த முட்டை ஏது? சினைப்பையிலிருந்து ஒரு துண்டை அறுத்தெடுத்து உறையவைக்கிறார்கள். பிறகு அதை உடலில் திரும்ப வைத்துப் பிள்ளை பெறுவதும் சாத்தியமாகிவிட்டது; 2004இல் பெல்ஜியத்தில் அப்படி ஒரு பெண் பிரசவித்தாள். ஆனால் ரத்தப் புற்றுநோயில் அந்தத் துண்டுக்குள்ளேயே நோய் ஒளிந்திருக்கலாம். துண்டைத் திரும்ப வைத்தால் நோயையும் திரும்ப வைத்ததாகிவிடும். அந்தச் சிறுமி என்றாவது ஒரு நாள் தன் வயிற்றில் தன் பிள்ளையைச் சுமக்க வேண்டுமானால், கூட்டை உடலுக்கு வெளியே வளர்த்து, முட்டையை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வளர்க்கப் பார்த்தார்கள். வெறும் தட்டில் வைத்தால் கூட்டின் அணுக்கள் தட்டோடு தட்டாகப் படர்ந்து போக, முட்டை அநாதையாக நின்றது. கூடு உருண்டையாகவே இருப்பதற்காக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்னும் கூழுக்குள் வைத்து வளர்க்கக் கற்றார்கள். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் திரட்டி வருகிற பாசி வகைகளிலிருந்தும் அந்தச் சரக்கு எடுக்கப்படுகிறது என்பது ஒரு விந்தை. 2018இல் எடின்பரோவைச் சேர்ந்த ஈவ்லின் டெல்ஃபரும் அவருடைய கூட்டாளிகளும், சிசேரியன் செய்துகொண்ட 10 பெண்கள் மனமுவந்து கொடுத்த சிறு சிறு துண்டுகளிலிருந்து தொடங்கி, மனித முட்டையை முதற்கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை வெளியிலேயே வளர்த்ததாக அறிவித்தார்கள். 48 முட்டைகள் கடைசிக்கு முந்தின கட்டத்தை எட்டின. முழுதும் முதிர்ந்தவை 9.

இங்கேதான் லேபிள் வருகிறது.

தட்டில் வளரும் கூடு நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? அதைச் சுற்றியுள்ள திரவத்தில் ஒரு துளி எடுத்து, ஹார்மோன் எவ்வளவு சுரந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். கூட்டைத் தொட வேண்டாம், கலைக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் ஏறினால் கூடு உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்ல அடையாளந்தான். ஆனால் அது கூட்டின் உழைப்புக்கு அடையாளம். முட்டையின் குணத்துக்குச் சாட்சி அன்று. கூடு மும்முரமாகச் சுரந்துகொண்டிருக்க, உள்ளே முட்டை அரைகுறையாக நின்றுபோவதும் உண்டு.

முட்டையின் குணம் முக்கியமாக இரண்டு காரியங்களில் இருக்கிறது. முதிரும்போது அது தன் குரோமோசோம்களில் பாதியை ஒரு சின்னஞ்சிறு பொட்டலமாகக் கட்டி வெளியே தள்ள வேண்டும். அந்தப் பங்கீட்டில் பிசகு கூடாது. எடின்பரோ முட்டைகளில் இந்தப் பொட்டலம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாவது, முட்டை வளரும் காலத்தில் அதன் மரபுப் பொருளின்மேல் சில ரசாயன முத்திரைகள் விழுகின்றன. இந்த மரபணு பேசலாம், அந்த மரபணு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பிற்காலத்துக் குழந்தைக்கு எழுதிவைக்கிற உயில் மாதிரி. உயிலைப் பிரித்துப் படிக்கலாம். படித்தால் முட்டை அழிந்துவிடும். அழியாத முட்டையின் உயில் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது, அது பிள்ளையாகி வளர்ந்தால்தான் முழுதும் தெரியும்.

கொளுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்று ஆகிவிடுகிறது அல்லவா?

எலிகளில் கொளுத்திப் பார்த்தார்கள். 1996இல் அமெரிக்காவில் ஜாக்ஸன் பரிசோதனைச் சாலையில் ஜான் எப்பிக், மர்லின் ஓ'பிரையன் என்ற இருவர், எலியின் முட்டைக் கூட்டை முதற்கட்டத்திலிருந்து வெளியே வளர்த்துக் குட்டி பிறக்கச் செய்தார்கள். அப்படி வளர்ந்து பெரிதான எலிக்கு எக்பர்ட் என்று செல்லப் பெயர். எக்பர்ட் வளர வளர அளவு மீறிக் கொழுத்தது. வேறு நோய்களும் கண்டன. வளர்த்த முறையால் வந்த கோளாறா, தற்செயலா என்று ஒரே எலியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முறையைத் திருத்தினார்கள். 2003இல் திருத்திய முறையில் பல குட்டிகள் பிறந்ததாக எழுதினார்கள். விஞ்ஞானம் முன்னேறுவது இப்படித்தான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எக்பர்டின் இடத்தில் ஒரு மனிதக் குழந்தையை வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தாயின் உடலிலேயே வளர்ந்துவிட்ட முட்டையை எடுத்து, வெளியே பக்குவப்படுத்திப் பிள்ளை பெறுவது 1991 முதலே நடக்கிறது. தொடக்கத்திலிருந்தே தட்டில் வளர்ந்த முட்டையிலிருந்து மனிதக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஒரு நாள் பிறக்கக் கூடும். அப்படிப் பிறக்கும் முதல் குழந்தை, பெற்றவளுக்குத் தவமிருந்து பெற்ற பிள்ளை. பரிசோதனைச் சாலைக்கோ, இத்தனை நாளும் கிடைக்காமல் இருந்த கடைசிச் சான்று. சான்றாக இருக்கச் சம்மதமா என்று அந்தக் குழந்தையிடம் கேட்க வழி இல்லை. ஒரு மனித உயிரைச் சாம்பிளாக உண்டாக்கலாமா? என் கேள்வி இதுதான்.

"எந்தக் குழந்தைதான் சம்மதம் கொடுத்துப் பிறந்தது?" என்று சிலர் மடக்குவார்கள். உண்மை. பெற்றவர்கள் எல்லாரும் இருட்டில்தான் அடி எடுத்து வைக்கிறார்கள். ஆனால் இருட்டில் நடப்பவனுக்கும், விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றாமல் நடப்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. விலங்குகளிடம் இன்னும் தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ளாமலே அவசரப்படுகிறவன் இரண்டாமவன்.

இந்தக் கேள்வி புதிதும் அன்று. 1971இல் ராபர்ட் எட்வர்ட்ஸ், பாட்ரிக் ஸ்டெப்டோ என்ற இருவரும், உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கும் ஆராய்ச்சிக்கு இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலிடம் பணம் கேட்டார்கள். கவுன்சில் மறுத்தது. முதலில் குரங்குகளிடம் செய்து பார்த்து ஆபத்தில்லை என்று காட்ட வேண்டாமா என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இருவரும் வேறு இடங்களில் பணம் தேடி மேலே நடந்தார்கள். 1978 ஜூலை 25ஆம் தேதி லூயிஸ் பிரவுன் பிறந்தாள். ஆரோக்கியமாக வளர்ந்தாள், இயற்கையாகவே கருத்தரித்துத் தானும் தாயானாள். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கவுன்சில்காரர்களைக் கண்டு எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆனால் லூயிஸ் ஊனத்தோடு பிறந்திருந்தால்? அதே கவுன்சிலைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடியிருப்போம். வெடி வெடித்த பிறகு கலவை சரி என்று சொல்ல யாராலும் முடியும். கொளுத்துவதற்கு முன் கேட்ட கேள்வி, வெடி நன்றாக வெடித்ததனால் மூடத்தனம் ஆகிவிடாது.

அதே ஆண்டில் நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 1978 அக்டோபர் 3ஆம் தேதி, லூயிஸ் பிறந்து 70 நாளில், கல்கத்தாவில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. டாக்டர் சுபாஷ் முகர்ஜி, கருவை 53 நாள் உறையவைத்துப் பிறகு தாயின் கருப்பையில் வைத்ததாக அறிவித்தார். அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி அவர் சொன்னதை நம்பவில்லை. அவரைக் கண் சம்பந்தமான ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19ஆம் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986 ஆகஸ்டில் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாடு கொண்டாடியது. அதற்குக் காரணமானவர்களில் ஒருவரான டி. சி. ஆனந்த குமார், பிற்பாடு முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். 1997இல், அந்தப் பெருமை எனக்கல்ல, முகர்ஜிக்குத்தான் உரியது என்று எழுதினார். தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே எடுத்து, செத்துப்போன ஒருவர் தலையில் வைத்த அந்தச் செயலை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கல்கத்தாக் கமிட்டியின் தவறு ஜாக்கிரதையாக இருந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜாக்கிரதைக்காரன் கேள்வி கேட்பான். பதிலையும் காது கொடுத்துக் கேட்பான். அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் கேட்டார்கள். ஆகவே, 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவதாலேயே ஒருவன் தர்மவான் ஆகிவிடுவதில்லை.

மறுப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை நம் தமிழ்நாட்டிலேயே பார்த்தோம். பிள்ளையில்லாதவர்களுக்காக முட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வரை வயது இருக்க வேண்டும், ஆயுளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2021இல் சட்டம் செய்தார்கள். அது அமலுக்கு வந்த 2022ஆம் ஆண்டிலேயே ஈரோட்டில் ஒரு விவகாரம் வெளிப்பட்டது. 16 வயதுச் சிறுமி. பொய் ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, பல தடவை அவளிடமிருந்து முட்டை எடுத்திருக்கிறார்கள் என்பது புகார். கைதானவர்களில் பெற்ற தாயும் ஒருத்தி. தட்டில் முட்டை வளர்க்கும் வித்தை நிச்சயமானால், பிள்ளை வேண்டும் பெண்களில் சிலராவது, வேறொருத்தியின் உடலை நாடாமல் தங்கள் சொந்தக் கூட்டிலிருந்தே முட்டை பெறக் கூடும். ஏழைப் பெண்ணின் வயிற்றில் குத்தும் ஊசி அந்த அளவுக்குக் குறையும். ஆகவே இந்த ஆராய்ச்சியை நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தத்துவம் படித்தவர்கள் சொல்லுவது இது: "அந்த முதல் குழந்தைக்கு ஏதாவது குறை நேர்ந்தாலும் அதற்கு அநியாயம் செய்ததாக ஆகாது. இந்தச் சோதனை நடந்திராவிட்டால் அது பிறந்தே இருக்காதே! குறையோடு இருப்பது இல்லாமற் போவதைவிட மேல் அல்லவா?"

கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் விருதுநகர்ச் சீமையில் வளர்ந்த காதுகளுக்கு இது பழைய பாட்டு. விடியுமுன்னே வண்டி வந்து கிராமத்துக் குழந்தைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போன காலத்தில், "இந்த வேலையும் இல்லாவிட்டால் இதுகள் பட்டினி அல்லவா கிடக்கும்?" என்று கேட்டவர்கள் உண்டு. கரிசல் காட்டில் மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் கேள்வி முழுப் பொய்யும் அல்ல. ஆனாலும் ஒருவனுக்குச் சோறு போட்டேன் என்பதால் அவனை எப்படி வேண்டுமானாலும் நடத்த எனக்கு உரிமை வந்துவிடுமா? சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. எக்பர்ட் எலியைப் பற்றி எழுதியதும் அதே ஆண்டில்தான் என்பது தற்செயல். கொடுத்த சோற்றைக் காட்டிக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றால், கொடுத்த உயிரைக் காட்டியும் தப்ப முடியாது. எவ்வளவு பெரிய கொடையோ, கொடுத்தவனுக்கு அவ்வளவு பெரிய பொறுப்பு.

இப்படிச் சொல்வதால், தட்டில் வளர்ந்த முட்டையிலிருந்து வரும் குழந்தை ஒரு படி மட்டம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. ஆண்டாள் எந்த வயிற்றில் பிறந்தாள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்தார் பெரியாழ்வார். எடுத்த நிமிஷத்திலிருந்து அவள் அவருடைய மகள். வந்த வழியை வைத்துக் குழந்தையின் மதிப்பை அளக்கக் கூடாது என்பது நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டிய பாடம் அன்று. அந்தக் குழந்தைக்கு மதிப்பு முழுதாக இருப்பதனால்தான், அதைச் சாம்பிளாக்க நான் அஞ்சுகிறேன்.

எனவே என் கட்சி இது. ஹார்மோன் ஏறியதைக் கண்டு திருப்தி அடைய வேண்டாம். லேபிளைப் பார்த்து மருந்தை நம்ப வேண்டாம். எலியோடு நிற்கவும் வேண்டாம். மனிதக் கூடு மாதக் கணக்கில் வளர்வதை எலியின் கூடு சில வாரங்களில் முடித்துவிடுகிறது. ஆடும் மாடும் குரங்கும் கடந்து, தலைமுறை பார்த்து வர வேண்டும். அதன் பிறகும் கொஞ்சம் இருட்டு மிஞ்சும். அந்த இருட்டுச் சாதாரணத் தாய் தகப்பனின் முன்னால் இருக்கிற இருட்டின் அளவுக்குக் குறைந்த பின், பெற்றோரிடம் எதையும் ஒளிக்காமல் சொல்லி, ஒரு குழந்தையை வரவேற்கலாம். வந்தபின் அதற்கு ஏதேனும் நேர்ந்தால் அந்தச் செலவும் துன்பமும் குடும்பத்தின் தலையில் மட்டும் விழக் கூடாது. அதை வாழ்நாள் முழுதும் கவனிக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் காட்சிப் பொருளாக்கக் கூடாது. துர்கா என்று உலகம் அழைத்த குழந்தை, கனுப்ரியா என்ற தன் பெயரோடு 25ஆம் வயதில் தானாகவே முன்வரும் வரை, அவள் குடும்பம் அவளுக்கு ஒரு மறைவைக் கொடுத்தது. நல்ல குடும்பம்.

எடின்பரோவில் முதிர்ந்த அந்த 9 முட்டைகளை அவர்கள் கருவாக்கிப் பார்க்கவில்லை. பொட்டலம் பெரிதாக இருந்ததை அவர்களே கண்டு, அவர்களே எழுதி, இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்று அங்கேயே நின்றார்கள். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு, உறைந்த ஒரு துண்டை நம்பிக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தத் தாமதம் கொடுமையாகத்தான் இருக்கும். அவளிடம் போய்ப் பொறு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவளுக்குப் பிறக்கப் போகிற பிள்ளையின் சார்பில் பேசுவதற்கு இப்போது வேறு யாரும் இல்லை.